நடுவில் ஒரு சட்டி

வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று அம்மா தானாகக் கேட்டது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை.

தம்பி சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். அங்கே கப்பல்களைப் பழுதுபார்க்கும் யார்டில் அவனுக்கு வேலை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாகத்தான் வந்தான். முத்தையாபுரத்தில் எங்கள் பழைய வீட்டில் அம்மாவோடு தங்கியிருந்தான். நான் டவுனில் இருக்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முத்தையாபுரம் போயிருந்தேன். இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டே அம்மா தம்பியிடம் கேட்டாள்.

"ஏலே, பாளையங்கோட்டை ரோட்டுல புதுசா ஒரு கடை வந்துருக்கு. என்னைய அங்கன கூட்டிட்டுப் போறியா?"

"என்ன கடைம்மா?"

"நடுவுல சட்டி கொதிக்க மாதிரிப் படம் போட்டுப் பெருசா வச்சுருக்கான். பஸ்ல போவும்போது பாத்தேன். உங்கப்பா கப்பல்ல தின்னுட்டு வந்து சொன்னாவல்லா, அதே சட்டி."

தம்பி சிரித்துவிட்டான். "ஹாட்பாட்டாம்மா? நான் அங்க அடிக்கடி திங்கேனே."

"நீ திங்க, சரி. நான் திங்க வேண்டாமா?"

அம்மாவையும் அந்தச் சட்டியையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க அவள் மகளான என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அம்மா தாமிரபரணிக் கரையில், ஏரலுக்குப் பக்கத்தில் வயல் சூழ்ந்த ஒரு கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமாகி முத்தையாபுரத்துக்கு வந்தபோது, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு எச்சில் விஷயத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தாள் என்று அப்பா கேலி செய்வார். எங்கள் வீட்டில் தம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடிக்க முடியாது. சாப்பிடுகிற கையோடு யாரும் சட்டியின் பக்கம் போக முடியாது. குழம்புக் கரண்டி தட்டில் பட்டுவிட்டால் அது அப்படியே கழுவும் இடத்துக்குப் போய்விடும். முதலில் அப்பாவுக்குப் பரிமாறுவாள், பிறகு எங்களுக்கு. நாங்கள் எல்லாரும் எழுந்து கைகழுவிய பிறகு அடுப்பங்கரைக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவாள். சின்ன வயதில் அம்மா சாப்பிடுவதை முழுதாக உட்கார்ந்து பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கையும் ஏறும் சரக்கையும் எண்ணிக் குறிப்பது அவர் வேலை. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு ஐப்பசி மாதம் உரம் ஏற்றி வந்த சீனக் கப்பல் ஒன்றில் அவருக்கு வேலை விழுந்தது. உரம் நனைந்தால் போயிற்று. அதனால் மழை பிடித்தால் கப்பலின் மூடிகளை இழுத்து அடைத்துவிட்டு எல்லாரும் சும்மா உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அப்படி ஒரு மத்தியானம் மழை விடாமல் அடித்தது. கூலியாட்கள் கீழே கொட்டகைக்கு ஓடிவிட்டார்கள். அப்பா மட்டும் கப்பலில் மாட்டிக்கொண்டார். கப்பலின் சமையல்காரர் கதவைத் திறந்து அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏளா, இன்னைக்கி ஒரு சாப்பாடு சாப்பிட்டேன் பாத்துக்கோ. மேசைக்கு நடுவுல ஒரு சட்டி. கீழ அடுப்பு. அதுல தண்ணி கொதிச்சுக்கிட்டே கிடக்கு. சுத்தி மீனு, கறி, கீரை, எல்லாம் பச்சையா வச்சுருக்காவ. அவனவன் ரெண்டு குச்சியால எடுத்துப் போட்டு, வெந்ததும் எடுத்துத் திங்கான். சமைக்கவன் ஒருத்தன், திங்கவன் ஒருத்தன்னு கிடையாது. கேப்டனும் அங்கனதான் இருக்கான், பெயின்ட் அடிக்கவனும் அங்கனதான் இருக்கான்."

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "எல்லாரும் ஒரே சட்டியிலயா?"

"ஆமா."

"தின்ன குச்சியவே திரும்ப உள்ள விட்டாவளா?"

"ஆமாளா, பின்ன?"

அம்மா கொல்லைப்புறக் கதவைக் காட்டினாள். "போய்க் குளிச்சுட்டு வாங்க."

நாள் முழுக்க மழையில் நனைந்து வந்த மனிதர் மறுபடியும் போய்க் குளித்தார். வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தமும் நடுநடுவே அவர் சிரிக்கும் சத்தமும் எங்களுக்குக் கேட்டது.

அதன் பிறகு மழை பெய்தாலே அப்பாவுக்கு அந்தக் கதை வந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது சேரும். மீனை அரைத்து உருண்டை பிடித்து வைத்திருந்ததைப் பற்றி ஒரு முறை சொன்னார். வயதான மாலுமி ஒருவர் தன் கிண்ணத்துக்கு எடுத்த இறாலை அப்பாவின் கிண்ணத்தில் போட்டதைப் பற்றி இன்னொரு முறை. அவர்கள் பேசியது அப்பாவுக்குப் புரியவில்லை, அப்பா பேசியது அவர்களுக்கும் புரியவில்லை. "பாஷையே வேண்டாம் பாத்துக்கோ. எல்லாரும் சட்டியப் பாத்துட்டே உக்காந்துருக்கோம். வெந்துச்சா, வேகலயா, அதான் பேச்சு" என்பார்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் ஒரு நாள் வேலை நின்றுபோய் அப்பா மத்தியானமே வந்துவிட்டார். கையில் பை சொட்டிக்கொண்டிருந்தது. இறால், கணவாய், ஒரு கட்டுக் கீரை, ஒரு பாக்கெட் சேமியா. மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அடுப்பங்கரையிலிருந்து தூக்கிக்கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தார். அம்மாவுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது.

"என் சட்டியத் தொடாதீங்க" என்று சொல்லி, பரணிலிருந்து ஒடுங்கிப்போன பழைய ஈயச்சட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இதுல என்னமும் செஞ்சுக்கோங்க. பொறவு இது அடுப்பங்கரைக்குள்ள வரக் கூடாது."

அப்பா இஞ்சியையும் பூண்டையும் நசுக்கிப் போட்டார். மிளகைத் தட்டிப் போட்டார். எங்களுக்குக் குச்சிக்குப் பதில் தென்னை ஈர்க்கு. தம்பியும் நானும் இறாலை ஈர்க்கில் குத்திச் சட்டிக்குள் விட்டுக்கொண்டு, யாருடையது முதலில் சிவக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கணவாய் வெந்து வெந்து ரப்பராகிவிட்டது. சேமியாவை முதலிலேயே கொட்டியதில் எல்லாம் ஒன்றாக ஒட்டிக் களியாகிவிட்டது. தம்பி நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

"நல்லா இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

"நல்லா இருக்குப்பா" என்றோம். உண்மையில் ஒரு ருசியும் இல்லை.

அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "உப்புப் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

அப்பா சட்டியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே போய் உப்பை அள்ளிக்கொண்டுவந்து, சட்டியில் கை பட்டுவிடாமல் எட்ட நின்று போட்டாள்.

"உக்காருளா. ஒரு வாய் தின்னு பாரு" என்றார் அப்பா. எங்கள் மூன்று தட்டுகளோடு நான்காவதாக ஒரு தட்டையும் அவர் போட்டு வைத்திருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன்.

"நீங்க சாப்பிடுங்க. நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்பா கோபப்படவில்லை. எங்களுக்குக் கீரையை எடுத்துப் போட்டார். பிறகு அந்த நான்காவது தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். மழை ஓட்டில் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. எனக்கு அம்மா மேல் அன்றைக்கு வந்த கோபம் பல வருஷம் போகவில்லை. ஒரு தடவை உட்கார்ந்தால் என்ன என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கு இரண்டு வருஷம் கழித்துக் காயல்பட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் அப்பாவுக்கு நெருங்கிய சிநேகிதர். அவருடைய தங்கைக்குக் கல்யாணம். பெண்களுக்கு வீட்டுக்குள்ளே தனியாகப் பந்தி. பாய் விரித்து, சஹன் என்று அவர்கள் சொல்லும் பெரிய தட்டு ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, அவர்களுடைய கல்யாண விருந்துக் கறியான களறிக்கறியை ஊற்றி நடுவில் வைத்தார்கள். ஒரு தட்டுக்கு மூன்று பேர். ஓர் அக்கா எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, தன் பக்கத்துச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். நானும் கையை வைத்துவிட்டேன். அவ்வளவு வாசனை. அம்மா கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

அந்த அக்கா ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு தனித் தட்டு கொண்டுவந்து, எல்லாவற்றையும் அழகாக வைத்து அம்மா முன்னால் நீட்டினார். "கூச்சப்படாம சாப்பிடுங்கம்மா. இது எங்க பழக்கம், அவ்வளவுதான்" என்று சிரித்த முகமாகச் சொன்னார்.

அம்மா சாப்பிட்டாள். திரும்பி வரும்போது பஸ் ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டிய பிறகு அப்பாவிடம் மெதுவாக, "அவுக என்னைய ஒதுக்கல. நானாத்தான் ஒதுங்கிட்டேன்" என்றாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சவத்த விடு" என்றார்.

பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் கணவருக்கு அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவர் வரும் நேரத்துக்கு அவருக்கு, பள்ளிவிட்டு வரும் நேரத்துக்குப் பிள்ளைக்கு என்று பரிமாறிவிட்டு, அடுப்பு மேடையோரம் நின்றபடி நான் சாப்பிடப் பழகிவிட்டேன். தம்பி சிங்கப்பூர் போனான். அப்பா ஓய்வு பெற்று, முத்தையாபுரம் வீட்டில் அம்மாவும் அவருமாகப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன், அம்மா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து எல்லாருக்கும் பரிமாறுவாள், எல்லாரும் எழுந்த பிறகு உட்காருவாள். எல்லாம் பழையபடிதான் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா நுரையீரல் கெட்டு இறந்துபோனார்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தக் கடையைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா ஞாபகத்தில் கேட்கிறாள், அங்கே போய் ஒரு வாயும் சாப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். வரும் வழியில் பரோட்டா வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தம்பியிடமும் சொல்லிவைத்தேன்.

கடை மாடியில் இருந்தது. நல்ல ஏசி. ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் குழி போலப் பதித்து அதற்குள் கரண்ட் அடுப்பு. சுவரோரம் நீளமாகக் கண்ணாடிப் பெட்டிகள். அதற்குள் இறால், கணவாய், நண்டு, துண்டு மீன், கோழி, காளான், பன்னீர், நாலைந்து வகைக் கீரை, விதவிதமான நூடுல்ஸ். எங்கள் மேசைக்கு வந்த பெண் மணிப்பூர்க்காரி. முப்பது வயதிருக்கும். சென்னையில் வேலை பார்த்துப் பழகிய தமிழ்.

"எவ்ளோ வேணா எடுக்கலாம், எத்தனை வாட்டி வேணா எடுக்கலாம் ஆன்ட்டி. மிச்சம் மட்டும் வைக்கக் கூடாது" என்றாள்.

"நல்ல ஏற்பாடு" என்றாள் அம்மா.

அவள் கொண்டுவந்து வைத்த சட்டிக்கு நடுவில் வளைவாக ஒரு தடுப்பு இருந்தது. ஒரு பக்கம் சிவப்பாக மிளகாய் மிதக்கும் சாறு. இன்னொரு பக்கம் வெள்ளையாக, காரமில்லாத சாறு. அம்மா எட்டிப் பார்த்தாள். தடுப்பைக் கரண்டியால் தட்டிப் பார்த்தாள்.

"வெள்ளப் பக்கம் எனக்கு. செவப்பு உங்க ரெண்டு பேருக்கும். குறுக்க வராதீங்க" என்றாள்.

தம்பி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். பிறகு அம்மாவுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். "யம்மா, எது வேணுமோ அத எடுத்துப் போட்டுக்கோ. கொஞ்ச நேரம் விடு. பொறவு இந்த வலைக் கரண்டி இருக்குல்லா, இதால…"

அம்மா அதைக் கேட்கவே இல்லை. எழுந்து கண்ணாடிப் பெட்டிகளின் பக்கம் போய்விட்டாள். ஒரு தட்டில் இறாலும் கணவாயும் கீரையும் எடுத்துக்கொண்டு, காளானை முகர்ந்து பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். மணிப்பூர்ப் பெண்ணைக் கூப்பிட்டு, நசுக்கிய இஞ்சியும் மிளகுப்பொடியும் கேட்டாள். அவள் கொண்டுவந்ததும் வெள்ளைச் சாற்றில் போட்டுக் கலக்கி, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். இறாலைப் போட்டாள். கணவாயைத் தொடவில்லை.

தம்பி சிவப்புப் பக்கத்தில் ஒரு தட்டுக் கணவாயை அப்படியே கொட்டினான்.

"ஏலே, கணவாய யாராவது மொதல்ல போடுவானா?" என்றாள் அம்மா. "அதக் கடைசில போடணும். உள்ள விட்டு, சுருண்டதும் எடுத்துரணும். நீ இப்பம் போட்டது ரப்பர்தான்."

சொல்லிக்கொண்டே இறாலை எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டு, கீரையைச் சாற்றில் ஒரு முக்கு முக்கி எடுத்து, இரண்டு கணவாய்த் துண்டுகளைக் கரண்டியிலேயே வைத்து உள்ளே இறக்கினாள். அவை சுருண்டதும் தூக்கினாள். எங்கள் யாருக்கும் பரிமாறவில்லை. தன் கிண்ணத்திலிருந்ததை ஊதி ஊதிச் சாப்பிட ஆரம்பித்தாள். அவளுடைய நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. எங்கள் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என் கைக்கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"யம்மா" என்றேன். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா வாயிலிருந்ததை மென்று முடித்தாள்.

"எத்தன தடவ செஞ்சிருக்கோம்."

"யாரு?"

"நானும் உங்கப்பாவும். வேற யாரு?"

தம்பி சட்டிக்குள் விட்ட கரண்டியை வெளியே எடுத்தான். அம்மா எதையோ சாதாரணமாகச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனாள்.

"நீ கல்யாணமாகிப் போயிட்ட. இவன் சிங்கப்பூர் போயிட்டான். அந்த வருஷம் மழைக்கு உங்கப்பா ஒத்தையா உக்காந்து சாப்பிடுதாவ. நான் நிக்கேன். சோத்தப் போட்டுட்டு, குழம்ப ஊத்திட்டு நின்னுட்டே இருக்கேன். அவ்வொ நிமிந்து பாத்து, 'ஏளா, வீட்ல வேற யாரு இருக்கா, யாருக்காவ நிக்க'ன்னு கேட்டாவ. மறுநாள் பையில இறாலோட வந்தாவ. ஸ்டவ்வ நடுவீட்ல வச்சாவ. நான் போய் உப்ப எடுத்துட்டு வந்து உக்காந்துட்டேன்."

"உக்காந்துட்டியா?" என்றான் தம்பி.

"ஆமா, உக்காந்துட்டேன்."

"எச்சி எச்சின்னு எங்கள அந்தப் பாடு படுத்துனியேம்மா" என்றேன் நான்.

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்கப்பா எச்சி எனக்கு எச்சியா?" என்றாள். பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "காயல்பட்டணத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனோம்லா. அந்தப் புள்ள எனக்குத் தனித் தட்டு கொண்டுவந்து தந்தா. அவ நல்ல மனசோடதான் தந்தா. எனக்குத்தான் அந்தத் தட்டு முள்ளாக் குத்திச்சு. ரொம்ப நாளு அது உள்ளயே கிடந்துச்சு. உங்கப்பா கேட்டதும் உக்காந்துட்டேன். அவ்வளவுதான்."

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்காலமும் அவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். மழை பிடித்துவிட்டால் அப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம். கணவாய் எப்போது ரப்பராகிறது என்று கண்டுபிடித்தது அம்மா. தேங்காய்ப்பால் ஊற்றிப் பார்த்தது அப்பா. சேமியாவை என்ன செய்தும் அது களியாகிக்கொண்டே இருந்ததாம். "வறுத்துட்டுக் கடைசில போட்டா ஒட்டாதுன்னு தெரிய எங்களுக்கு ரெண்டு மழைக்காலம் ஆச்சு" என்று சொல்லி அம்மா சிரித்தாள். மேல்மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு அப்பாவால் கணவாயை மெல்ல முடியவில்லை. முட்டையை உடைத்து ஊற்றி, சேமியா போட்டு, அதை மட்டும் இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். சாறு மட்டுமாவது குடிப்பேன் என்பாராம்.

"எங்ககிட்ட ஏம்மா சொல்லவே இல்ல?" என்றேன்.

"இதெல்லாம் போன்ல சொல்லுத விஷயமாளா?"

"நான் வாராவாரம் வந்தேனே."

"நீ வந்தா மாப்பிள்ளையும் வருவாவ, புள்ளையும் வரும். அப்பம் நான் பரிமாறணும்லா" என்றாள் அம்மா.

முப்பது வருஷத்துக்கு மேலாக அப்பாவுக்காக நான் பட்ட வருத்தம் தேவையில்லாதது என்று தெரிந்தது ஒரு பெரிய நிம்மதி. கூடவே ஒரு சின்னப் பொறாமை. நான் பிறந்து வளர்ந்த வீட்டில், எனக்குத் தெரியாமல், எனக்கு இடமில்லாத ஒரு சாப்பாடு வருஷக்கணக்காக நடந்திருக்கிறது. ஈயச்சட்டிக்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் அப்பாவுமாக, வெந்துவிட்டதா வேகவில்லையா என்று பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்த முகங்களை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "அப்பாவ ஒருக்கா அங்க கூப்பிட்டு, நல்ல ஹாட்பாட் கடைக்குக் கூட்டிட்டுப் போவணும்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்றான்.

"அவ்வொ இங்கனயே வயிறு நெறயத் தின்னாவ. நீ அதுக்கு வருத்தப்படாத. ஒன் கணவாய எடு, சவம் கல்லாயிட்டிருக்கும்" என்றாள் அம்மா.

அவன் அவசரமாகக் கரண்டியை விட்டு அள்ளினான். இரண்டு துண்டுகள் தடுப்பைத் தாண்டி வெள்ளைச் சாற்றில் விழுந்தன. நாங்கள் இரண்டு பேரும் பழைய பயத்தில் அம்மாவைப் பார்த்தோம். அம்மா அவற்றைத் தேடி எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள். மென்று பார்த்துவிட்டு, "நான் சொன்னேம்லா, ரப்பர்" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் வெகுநேரம் சாப்பிட்டோம். அம்மா மூன்று முறை எழுந்துபோய் எடுத்து வந்தாள். நண்டை உடைக்கத் தம்பியிடம் கொடுத்தாள். நூடுல்ஸைப் பார்த்துவிட்டு, இது சேமியா அளவுக்கு வராது என்றாள். எங்கள் மூன்று பேர் முகத்திலும் ஆவி அடித்துக்கொண்டே இருந்தது. சின்ன வயதிலிருந்து அன்றுவரை அம்மாவும் நானும் ஒரே நேரத்தில், சூடாக, ஒரே மேசையில் சாப்பிட்டது இல்லை. அம்மா வேகமாகச் சாப்பிடுகிறவள், இறாலின் வாலைக் கடைசியில் உறிஞ்சிவிட்டுத்தான் போடுகிறவள், சாப்பிடும்போது இடது காலை ஆட்டுகிறவள் என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. மணிப்பூர்ப் பெண் வந்து பார்த்துவிட்டு, "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். நீ எப்போது சாப்பிடுவாய் என்று அம்மா அவளிடம் கேட்டாள். கடை மூடிய பிறகு இங்கே வேலை செய்கிற எல்லாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று அவள் சொன்னாள். அம்மா தலையாட்டினாள்.

அடுத்த வாரம் தம்பி சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டான்.

ஒரு மாதம் போயிருக்கும். அலுவலகத்திலிருந்து மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடித்தேன். அம்மா வயதுதான் அவர்களுக்கும், தனியாக இருக்கிறவர்கள். அவர்களும் எடுக்கவில்லை. எனக்கு வேலை ஓடவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்து முத்தையாபுரம் போனேன். இரண்டு வீடும் பூட்டிக் கிடந்தது. தெருவில் கேட்டால் இரண்டு பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு பதினொரு மணிக்கே பஸ் ஏறினார்கள் என்றார்கள். நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலு மணி சுமாருக்கு இரண்டு பேரும் பேசிக்கொண்டே தெருமுனையில் திரும்பினார்கள். என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அக்கா, "ஏளா, உங்கம்மா என்னைய ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனா பாத்துக்கோ. நடுவுல சட்டி. நாமளே போட்டு நாமளே திங்கணும். எனக்கு மூச்சு முட்டுது" என்றார்கள்.

"போன எதுக்கும்மா எடுக்கல?" என்று நான் கேட்டேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"கொதிக்கும்போது யாரு போன எடுப்பா?" என்று சொல்லிவிட்டு அம்மா சாவியைத் தேடினாள். "நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"சாப்பிடாம எதுக்கு இவ்வளவு தூரம் வந்த?"

கதவைத் திறந்து, கைகால் கழுவி, சேலையைக்கூட மாற்றாமல் தோசைக்கல்லைப் போட்டாள். நான் அடுப்பங்கரையில் அவளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். முதல் தோசை நன்றாக முறுகி வந்தது. அதைத் தட்டில் போட்டு மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்:

"இன்னைக்கி நண்டு சின்னது. வர்ற வியாழக்கிழம பெருசு வரும்னு அந்த மணிப்பூர்ப் புள்ள சொல்லுது. ஒனக்கு லீவு கிடைக்குமா?"